ஸ்பானியத்தில் ‘லோ’ உட்காரும் இடம்

மெக்சிகோவின் லெயோன் நகரம் காலணித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். அலமாரியில் இருக்கும் ஒரு ஜோடி பிடித்துப்போகிறது. ஸ்பானியத்தில் அதற்கு ‘ஸபாத்தோஸ்’ என்று பெயர். இதே சொல்லின் போர்த்துக்கீசிய உறவுதான் ஈழத்தில் இன்றும் புழங்கும் ‘சப்பாத்து’. போட்டுப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய வாக்கியம் இது: ‘புவேதோ ப்ரொபார்மேலோஸ்?’

இரண்டே சொல். ‘புவேதோ’ என்றால் ‘என்னால் முடியும்’. கேள்வியாகக் கேட்டால் ‘செய்யலாமா?’. மற்றதெல்லாம் இரண்டாவது சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ப்ரொபார் என்றால் போட்டுப் பார்க்க. மே என்றால் எனக்கு. லோஸ் என்றால் அவற்றை. மூன்றையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும், ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஸ்பானியம் படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் தடுமாறும் முதல் இடங்களில் இது ஒன்று. தடுமாறுவதற்குக் காரணம் ஸ்பானியம் அல்ல, ஆங்கிலம் என்பது என் எண்ணம். நம் ஊரில் ஸ்பானியப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகின்றன. ஆங்கிலத்தில் ‘அதை’ என்பது தனியே நிற்கும் சொல். அதற்கென்று ஓரிடம் உண்டு. அந்தப் பழக்கத்தோடு ஸ்பானியத்துக்குள் போனால் ‘லோ’வையும் தனியாக நிறுத்தத் தோன்றும். தமிழிலிருந்து நேரே போனால் இந்தச் சிக்கல் பாதி குறைந்துவிடும். ஒட்டி வாழும் சொற்கள் நமக்குப் புதிதில்லை.

முதலில் வினையைப் பார்ப்போம். ஸ்பானிய அகராதியைத் திறந்தால் எந்த வினையும் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். கொம்ப்ரார் என்றால் வாங்க, லெயேர் என்றால் படிக்க, தெஸீர் என்றால் சொல்ல. யார், எப்போது என்பது இந்த வடிவத்தில் தெரியாது. நம் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் போன்றது இது. சில இடங்களில் ‘படித்தல்’, ‘படிப்பது’ என்ற தொழிற்பெயரின் வேலையையும் இதுவே செய்யும். ‘வாங்க விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியேரோ கொம்ப்ரார்’. கியேரோ என்றால் விரும்புகிறேன்.

இனி ஒட்டும் சொற்கள். மே என்பது என்னை அல்லது எனக்கு. தே என்பது உன்னை, உனக்கு. நோஸ் என்பது எங்களை, எங்களுக்கு, நம்மை, நமக்கு எல்லாம்தான். இந்த மூன்றிலும் இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் வடிவம் ஒன்றே. படர்க்கையில்தான் பிரிகிறது. லோ என்பது அவனை. ஆண்பால் பெயர் கொண்ட பொருளாக இருந்தால் அதை. லா என்பது அவளை. பெண்பால் பெயர் கொண்ட பொருளாக இருந்தாலும் லா. பன்மைக்கு லோஸ், லாஸ். ‘அவனுக்கு, அவளுக்கு’ இரண்டுக்கும் லே, ‘அவர்களுக்கு’ லேஸ். ஸ்பெயினில் மட்டும் ‘உங்களை, உங்களுக்கு’ என்று பலரைச் சொல்ல ஓஸ் உண்டு. கடைசியாக ஸே, அதற்குத் தனிக் கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மரியாதையாகப் பேசும்போது ஸ்பானியம் முன்னிலையை விட்டுப் படர்க்கைக்குப் போய்விடும். ஆகவே கடைக்காரர் உங்களிடம் ‘புவேதோ அயுதார்லே?’ என்று கேட்டால், அவர் மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசவில்லை. ‘உங்களுக்கு உதவட்டுமா?’ என்று உங்களைத்தான் கேட்கிறார். நம்முடைய ‘தாங்கள்’ என்பதும் ‘தாம்’ என்ற படர்க்கைச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்தச் சிறு சொற்களின் அடிப்படைக் குணம் ஒன்று உண்டு. இவற்றுக்குச் சொந்தமாக அழுத்தம் கிடையாது, தனியே நிற்க வலுவும் கிடையாது. ‘யாரை?’ என்று ஒருவர் கேட்டால் ‘என்னை’ என்று தமிழில் ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். ஸ்பானியத்தில் ‘மே’ என்று மட்டும் சொல்ல முடியாது. ‘ஆ மீ’ என்று வேறொரு வடிவத்தைத்தான் சொல்ல வேண்டும். மேயும் லோவும் நம் இடைச்சொற்களான உம், ஏ, ஓ மாதிரி. ‘உம்’மை யாரும் தனியே சொல்வதில்லை, ‘அவனும்’ என்று ஒன்றின் தோளில் ஏற்றித்தான் சொல்கிறோம். லோவும் எப்போதும் ஒரு வினையின் தோளைத் தேடிக்கொண்டே இருக்கும். எந்த வினை, எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கேள்வி.

கால இடம் காட்டும் முற்றுவினையாக இருந்தால் லோ முன்னால் வரும், தனியாக எழுதப்படும்: ‘லோ கொம்ப்ரோ’, அதை வாங்குகிறேன். ஆர், ஏர், ஈர் என்று முடியும் எச்சமாக இருந்தால் பின்னால் வரும், ஒட்டி எழுதப்படும்: ‘கொம்ப்ரார்லோ’, அதை வாங்க. ‘செய்துகொண்டு’ என்னும் பொருள் தரும் வடிவத்திலும், ‘செய்’ என்று ஏவும் வடிவத்திலும் இதே போலப் பின்னால் ஒட்டும்.

வாக்கியத்தில் முற்றும் எச்சமும் சேர்ந்து வந்தால்? ‘அதை வாங்க விரும்புகிறேன்.’ இங்கேதான் ஸ்பானியம் ஒரு சுதந்திரம் தருகிறது. ‘கியேரோ கொம்ப்ரார்லோ’ என்றும் சொல்லலாம், ‘லோ கியேரோ கொம்ப்ரார்’ என்றும் சொல்லலாம். பொருள் ஒன்றே, இரண்டும் சரி. ஒட்டியது கொஞ்சம் எழுத்து நடை. முன்னால் போனது கொஞ்சம் பேச்சு நடை. ‘கியேரோ லோ கொம்ப்ரார்’ என்று நடுவில் நிறுத்துவது மட்டும் தவறு. ‘கியேரோ கொம்ப்ரார் லோ’ என்று பின்னால் இடைவெளி விட்டு எழுதுவதும் தவறு. நம் மாணவர்கள் எழுதும் பிழைகளில் இந்த இரண்டையும்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வரிசையின் முன்வாசல் அல்லது பின்வாசல், நடுவில் இடம் கிடையாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கடையில் கேட்ட கேள்வியையும் ‘மே லோஸ் புவேதோ ப்ரொபார்?’ என்று மாற்றிக் கேட்கலாம். இரண்டு ஒட்டுச்சொற்கள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நின்றால் வாக்கியம் உடைந்துவிடும்.

ஆனால் முன்வாசல் எல்லா வீட்டிலும் திறந்திருக்காது. விரும்புதல், முடிதல், வேண்டியிருத்தல், செய்யப் போதல், செய்யத் தொடங்குதல், மறுபடி செய்தல் போன்ற, நம் துணைவினைகளை ஒத்த வினைகளில்தான் லோ முன்னால் ஏற முடியும். ‘வோய் ஆ லெயேர்லோ’ (அதைப் படிக்கப் போகிறேன்) என்பதை ‘லோ வோய் ஆ லெயேர்’ என்று சொல்லலாம். ‘தெங்கோ கே அஸேர்லோ’ (அதைச் செய்தாக வேண்டும்) என்பதை ‘லோ தெங்கோ கே அஸேர்’ என்றும் சொல்லலாம். ‘பிடிக்கும்’ என்ற வினையில் இது நடக்காது. ‘மே குஸ்தா லெயேர்லோ’ மட்டும்தான் உண்டு. காரணத்தைத் தமிழில் பார்த்தால் உடனே விளங்கும். ‘எனக்கு அதைப் படிக்கப் பிடிக்கும்.’ இதில் ‘எனக்கு’ என்பது பிடிக்கும் என்ற வினையைச் சேர்ந்தது, ‘அதை’ என்பது படிக்க என்ற வினையைச் சேர்ந்தது. ஸ்பானியத்திலும் அப்படியே: மே, குஸ்தாவின் ஆள், லோ, லெயேரின் ஆள். ஒருவர் இன்னொருவர் வீட்டில் குடியேற முடியாது. பிடித்தவர் எழுவாயாக இல்லாமல் நான்காம் வேற்றுமையில் வருவது ஆங்கிலம் வழியாக வருபவர்களைத் தலையைச் சொறிய வைக்கும். நமக்கோ அது வீட்டுப் பேச்சு.

‘துணிதல்’ என்ற வினையிலும் இதே தடை. ‘மே அத்ரேவோ ஆ அஸேர்லோ’, அதைச் செய்யத் துணிகிறேன். இதில் முன் இருக்கையில் ஏற்கெனவே ஒரு ‘மே’ இருக்கிறது. ‘ஐ கே அஸேர்லோ’ (அதைச் செய்தாக வேண்டும், யாரானாலும்) என்ற ஆள்சுட்டாத வாக்கியத்திலும் லோ இறங்கியே நிற்கும்.

‘செய்வதற்காக’ என்னும் பொருள் தரும் ‘பாரா’, ‘இல்லாமல்’ என்னும் பொருள் தரும் ‘ஸின்’ போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பிறகு எச்சம் வந்தால் குழப்பமே வேண்டாம், ஒட்டல்தான். ‘பாரா அயுதார்தே’, உனக்கு உதவ. ‘ஸின் தெஸீர்லோ’, அதைச் சொல்லாமல். ‘க்ராஸியாஸ் போர் யமார்மே’, என்னை அழைத்ததற்கு நன்றி. நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ‘பாரா லோ அஸேர்’ என்று முன்னால் வைத்தும் எழுதினார்கள். இன்றைய ஸ்பானியம் அதைக் கைவிட்டுவிட்டது.

எந்த வினைக்கு முன்வாசல் திறக்கும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒட்டுச்சொல் எச்சத்துக்கு உரியது என்று தெரிந்தால், அதை எச்சத்தோடு ஒட்டிவிட்டால் எங்கும் தவறாகாது. பேசப் பேச மற்றது தானாக வரும். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்: அது உண்மையிலேயே எச்சத்துக்கு உரியதுதானா? ‘லா ஓயீ கந்தார்’ என்றால் அவள் பாடுவதைக் கேட்டேன். லா இங்கே கேட்டதன் செயப்படுபொருள். அதைக் கொண்டுபோய் ‘ஓயீ கந்தார்லா’ என்று பாடுவதோடு ஒட்டினால், லா அவளாக இருக்காது, பாட்டாகிவிடும்: யாரோ அந்தப் பாட்டைப் பாடக் கேட்டேன். ஒட்டும் இடம் மாறியதும் ஒரு பெண் பாட்டாக மாறிவிடுகிறாள்.

இரண்டு ஒட்டுச்சொற்கள் சேரும்போது வரிசை என்ன? தமிழில் ‘எனக்கு அதைக் கொடு’ என்றும் சொல்கிறோம், ‘அதை எனக்குக் கொடு’ என்றும் சொல்கிறோம். ஸ்பானியம் முதல் வரிசையை மட்டும் ஏற்கும்: யாருக்கு என்பது முன்னால், எதை என்பது பின்னால். ‘தார்மேலோ’ என்பதைப் பிரித்தால் தார் + மே + லோ: தர, எனக்கு, அதை. இன்னும் சுருக்கமான வழி, ல ஓசையில் தொடங்கும் ஒட்டு எப்போதும் கடைசி.

அப்படியானால் இரண்டுமே ல ஓசையில் தொடங்கினால்? ‘அவனுக்கு அதைச் சொல்ல’ என்பதற்கு தெஸீர் + லே + லோ என்று வரும் என்று நினைப்போம். வராது. லே அங்கே ஸே ஆகிவிடும்: ‘தெஸீர்ஸேலோ’. இரண்டு ல அடுத்தடுத்து வந்தால் காதுக்கு இனிமையில்லை என்று பல பாடநூல்கள் விளக்கம் சொல்லும். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை, வரலாறு வேறு சொல்கிறது. லத்தீனில் ‘அவனுக்கு அதை’ என்று அடுத்தடுத்து வந்த இரண்டு சொற்கள் பழைய ஸ்பானியத்தில் உருகிச் சேர்ந்து ‘ஜேலோ’ என்பது போன்ற ஒலியில் நின்றன. எல் சித் காவியம் முதலான இடைக்காலப் படைப்புகளில் இந்த ஜேலோவைப் பார்க்கலாம். பிறகு ஸ்பானிய ஒலிகள் மாறத் தொடங்கின. ஜே என்பது, ஏற்கெனவே மொழியில் இருந்த ‘தன்னை, தனக்கு’ என்னும் ஸேயோடு ஒலியில் நெருங்கி, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் அதற்குள் கரைந்துபோனது. ஆகவே தெஸீர்ஸேலோவில் இருக்கும் ஸே, ‘தனக்கு’ என்ற ஸே அல்ல. அது வேடம் போட்ட ஜே.

இந்தக் கரைதலுக்கு ஒரு விலை உண்டு. தெஸீர்ஸேலோ என்றால் அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா, மரியாதைக்குரிய உங்களுக்கா? நான்கும் ஆகலாம். தெளிவு வேண்டுமென்றால் பின்னால் ‘ஆ எயா’ (அவளுக்கு) என்று சேர்த்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில், மெக்சிகோவில் குறிப்பாக, ‘அவர்களுக்கு அதை’ என்று சொல்லும்போது தெஸீர்ஸேலோஸ் என்று கேட்கும். ஒன்றைத்தானே சொல்கிறார், லோ ஏன் லோஸ் ஆனது? ஸேக்குப் பன்மை காட்ட வழியில்லாததால், ‘அவர்கள்’ என்ற பன்மை பக்கத்து வீட்டு லோவில் போய் உட்கார்ந்துகொண்டது. இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. பேசும் மக்களுக்கு அந்தப் பன்மை தேவைப்பட்டது, ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அகராதியில் சில வினைகள் ஸேயோடு ஒட்டியே கிடக்கும்: துச்சார்ஸே (குளிக்க), லெவந்தார்ஸே (எழுந்துகொள்ள). இதைத் தமிழ் ‘கொள்’ என்ற துணைவினையோடு வைத்துப் பார்க்கச் சொல்வேன். ‘கை கழுவிக்கொள்ள’ என்பதற்கு ‘லவார்ஸே லாஸ் மானோஸ்’. செயலின் பயன் செய்தவருக்கே திரும்புகிறது. எல்லா இடத்திலும் இந்த ஒப்பீடு பொருந்தாது, ஆனால் வியப்பூட்டும் அளவு இடங்களில் பொருந்தும். ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. நம் ‘கொள்ள’ யாருக்கும் மாறாது. நான் கழுவிக்கொள்ள, நீ கழுவிக்கொள்ள, அவன் கழுவிக்கொள்ள. ஸ்பானிய ஸே ஆளுக்கு ஆள் மாறும். ‘நான் குளிக்க விரும்புகிறேன்’ என்பதற்கு ‘கியேரோ துச்சார்ஸே’ என்று அகராதி வடிவத்தை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. ‘கியேரோ துச்சார்மே’ என்று வர வேண்டும். நாங்கள் என்றால் துச்சார்நோஸ், நீ என்றால் துச்சார்தே.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, அழுத்தக்குறி. ஸ்பானியத்தில் உயிரொலியிலோ, ன், ஸ் ஒலிகளிலோ முடியும் சொல்லுக்கு இயல்பான அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அது மாறி விழுந்தால் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போட்டுக் காட்ட வேண்டும். கொம்ப்ரார் என்ற சொல்லின் அழுத்தம் ‘ப்ரார்’ மேல். என்ன ஒட்டினாலும் அழுத்தம் அங்கேயே நிற்கும், ஏனென்றால் ஒட்டுச்சொற்களுக்கு அழுத்தமில்லை. கொம்-ப்ரார்-லோ என்று ஒன்று ஒட்டினால் ‘ப்ரார்’ கடைசிக்கு முந்தைய அசை. இயல்பு, குறி வேண்டாம். கொம்-ப்ரார்-தே-லோ என்று இரண்டு ஒட்டினால் ‘ப்ரார்’ கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிடும், குறி வேண்டும். ஆகவே எச்சத்தோடு ஒன்று ஒட்டினால் குறி இல்லை, இரண்டு ஒட்டினால் குறி உண்டு. ‘கேட்க’ என்னும் ஓயீர் போலத் தன்னிலேயே குறியுள்ள வினைகள் ஒன்று ஒட்டினாலும் அதை வைத்துக்கொள்ளும்.

எச்சமும் ஒட்டும் சேரும் இடத்தில் ஒலி மாறுமா? புணர்ச்சி படித்த நமக்கு உடனே எழும் கேள்வி இது. இன்றைய ஸ்பானியத்தில் மாறாது, இயல்பு புணர்ச்சி. செர்வாந்தெஸ் காலத்தில், 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாறிய வடிவமும் புழங்கியது. தெஸீர் + லோ என்பதில் இருக்கும் ர் அடுத்த ல ஓசைக்கு இணங்கித் திரிந்து, ‘தெஸில்யோ’ போல ஒலித்தது. எதுகை தேடும் கவிஞர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. பக்கத்து மொழியான போர்த்துக்கீசியத்தில் ர் இன்றும் கெட்டுப்போகிறது: கொம்ப்ரார் என்பது ‘கொம்ப்ரா-லோ’ என்று எழுதப்படுகிறது. இத்தாலியத்தில் எச்சத்தின் ஈற்றிலுள்ள எ கெடும்: கொம்ப்ராரே + லோ, கொம்ப்ரார்லோ. நன்னூல் சொல்லும் திரிதலும் கெடுதலும் லத்தீனின் பிள்ளைகளிடமும் இருக்கின்றன. பிரெஞ்சு மட்டும் ஒட்டாமல், எச்சத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறது.

இன்னொரு பழைய சங்கதியையும் சொல்லாமல் இருக்க மனமில்லை. ஸ்பானியத்தில் ‘தருவேன்’ என்பதற்கு ‘தரே’. இது தார் என்ற எச்சமும் ‘எனக்கு உண்டு’ என்ற பொருளுடைய ‘ஏ’யும் சேர்ந்து பிறந்தது. 1492-இல் வெளிவந்த தம் காஸ்டிலிய இலக்கணத்திலேயே அன்தோனியோ தெ நெப்ரிகா இந்தச் சேர்க்கையைக் கண்டு சொல்லிவிட்டார். அந்தக் காலம் வரை தையல் முழுதாக இறுகவில்லை. ஆகவே ஒட்டுச்சொற்கள் நடுவில் நுழைந்து ‘தார்தேலோ ஏ’ என்று நின்றன: உனக்கு அதைத் தருவேன். எதிர்கால வினைக்குள்ளே ஓர் எச்சமும் அதன் தோளில் இரண்டு ஒட்டுகளும் தெரிந்த காலம் அது. இன்று ஸ்பானியர்கள் ‘தே லோ தரே’ என்கிறார்கள். போர்த்துக்கீசிய எழுத்து நடையில் ‘தார்-தே-எய்’ என்று அந்த நடு இருக்கை இன்றும் இருக்கிறது.

சரி, கடைக்குத் திரும்புவோம். சப்பாத்து காலுக்குப் பொருந்திவிட்டது. கடைக்காரர் ‘ஸே லோஸ் யேவா?’ என்று கேட்கிறார். எடுத்துக்கொள்கிறீர்களா? யேவா என்பது முற்றுவினை, அதனால் ஸேயும் லோஸும் முன்னால் தனித்தனியாக நிற்கின்றன. மரியாதைப் படர்க்கை, அதனால் ஸே. எடுத்துக்‘கொள்’, அதனாலும் ஸே. உங்கள் பதிலில் எச்சம் வருகிறது, ஸே மே ஆகிறது, இரண்டும் பின்னால் போய் ஒட்டுகின்றன. எழுதிக் காட்டுவதென்றால் ‘வார்’ மேல் ஒரு சாய்கோடு: ‘ஸீ, கியேரோ யெவார்மேலோஸ்.’